சிவப்பு மையில் எழுதிய நாட்கள்

1994-ல் என் கையாலேயே ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த ஒரு தொழிலாளிக்காக எழுதியது அது. மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம். அந்த ஆளுக்கு இரண்டு மாதமாக இருமல் விடவில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சளியும் எக்ஸ்ரேயும் பார்த்துக் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் மாத்திரை, ஓய்வு. அவர் கணக்கில் மிச்சமிருந்த லீவு நான்கு நாள்.

"எழுதி வாங்கிடு" என்றார் மேலாளர். அவ்வளவுதான் உத்தரவு. வந்தவருக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "நீங்களே எழுதிடுங்க சார், நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதினேன். யாருக்கு எழுதினாலும் அப்படித்தான் எழுதுவது. கடிதத்திலும் பி.எஃப். படிவத்திலும் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். போகும்போது எனக்கு நன்றி வேறு சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு வேலையாக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னதும் அங்கிருந்த எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "டி.பி.யா? அது நீண்டகால நோய்ப் பட்டியல்லயே இருக்குதே. ஒரு வருஷத்துக்கு மேலயே பணம் வாங்கியிருக்கலாமே" என்றார். நான் சேர்ந்த நாளிலிருந்து மாதாமாதம் அந்த ஆளின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தவன் நான். எதற்குப் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அவர் குடியிருந்த வீட்டைத் தேடிப் போனேன். காலி செய்துபோய் வெகுநாள் ஆகிறது என்றார்கள்.

அதற்குப் பிறகு 2022-ல் ஓய்வு பெறும்வரை நான் யாருக்கும் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை.

*

டைம் ஆபீஸ் என்பது தொழிற்சாலையின் வாசலை ஒட்டிய சின்ன அறை. பஞ்ச் கார்டு காலத்திலும் சரி, விரல் ரேகை காலத்திலும் சரி, வேலை ஒன்றுதான்: யார் வந்தார், யார் வரவில்லை, வராத நாள் எந்தக் கணக்கில் போகிறது என்று மஸ்டர் ரோலில் எழுதுவது. வந்த நாளுக்கு நீலம். கைவசமிருக்கும் லீவில் கழிகிற நாளுக்குப் பச்சை. லீவும் தீர்ந்த பிறகு வராத நாளுக்குச் சிவப்பு. அதை எல்.ஓ.பி. என்போம், சம்பள இழப்பு. ஒருவர் பெயருக்கு எதிரே சிவப்பு நீளமாக ஓடினால் அந்த வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று பொருள். பல வருஷம் அந்தச் சிவப்பை எழுதும்போது எனக்குக் கை கூசும்.

கூச வேண்டியதில்லை என்று புரிய வெகுகாலம் ஆயிற்று. இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகைக்கு முதல் நிபந்தனையே அந்த நாளுக்கு முதலாளி சம்பளம் தந்திருக்கக் கூடாது என்பதுதான். நீங்கள் போட்ட மனுவைக் கிளை அலுவலகம் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. இந்த ஆள் இந்தத் தேதிகளில் வேலைக்கு வரவில்லைதானா, சம்பளம் தரவில்லைதானா என்று கம்பெனியைக் கேட்கும். அதற்குப் பதில் எழுதுகிறவன் என்னைப் போன்ற டைம் ஆபீஸ்காரன். என் சிவப்பு மைதான் சாட்சி. ஒரு கதவு சாத்திய அதே நாளில் இன்னொரு கதவு திறக்கிறது. சாத்தியதை மட்டும் ஆளிடம் சொல்லிவிட்டு, திறந்ததைச் சொல்லாமல் விட்டதுதான் எங்கள் தொழில் செய்த பாவம்.

இந்த ஏற்பாடு யாரோ இரக்கப்பட்டுப் போட்ட தருமமும் இல்லை. பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944-ல் கொடுத்த அறிக்கையின் அடியில் எழுந்தது 1948-ன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-லேயே கொண்டுவந்த நோய்க் காப்பீட்டின் தூரத்து உறவு அது. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டுகிற பணம். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பஞ்ச் கார்டின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவர் சம்பளத்தில் மாதம் 135 ரூபாய் பிடிப்போம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதச் சம்பளம் 1,08,000. நாட்கள் 183. வகுத்தால் ஒரு நாளுக்கு 590 ரூபாய். அதில் 70 சதவீதம், 413 ரூபாய். மாதம் முழுக்கப் படுத்திருந்தால் ஏறக்குறைய 12,400. ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு. சம்பளம் ஆகாது, ஆனால் வீட்டு வாடகையும் அரிசியும் ஆகும். இப்படி வருஷத்தில் 91 நாள் வரைக்கும் வாங்கலாம்.

கேட்கிறவர்கள் முகம் இந்த இடத்தில் மலரும். அடுத்து நான் தேதியைக் கேட்பேன். மலர்ந்த முகம் அங்கேதான் சுருங்கும்.

*

இ.எஸ்.ஐ.யில் வருஷம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உதவித்தொகை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒவ்வொரு அரை வருஷத்திலும் குறைந்தது 78 நாள் சம்பளம் வாங்கிச் சந்தா கட்டியிருக்க வேண்டும். 77 என்றால் இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் மருத்துவம் உண்டு, பணம் கிடையாது.

இது தெரியாததால் தோற்றவர்கள் அநேகம். ஊர்த் திருவிழா, தங்கச்சி கல்யாணம் என்று கொத்துக் கொத்தாக லீவு போட்டு 74 நாளில் நிற்பவர்கள் உண்டு. ஒவ்வொரு செப்டம்பர் முதல் வாரமும் மார்ச் முதல் வாரமும் 78-ஐ எட்டாதவர்கள் பட்டியல் எடுத்து, கூப்பிட்டுச் சொல்வதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டேன். "இன்னா சார், வேலைக்கு வரச் சொல்லி இப்படி மிரட்றீங்க" என்று சிரிப்பார்கள். பிறகு அதில் ஒருவருக்குக் கால் முறியும்போது சிரித்தது ஞாபகம் வரும்.

அடுத்தது சான்றிதழ். எங்கள் ஆட்கள் காய்ச்சல் வந்தால் தெருமுனை டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து எழுந்து, நேரே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ப் பத்து நாளுக்கும் சேர்த்து எழுதிக் கேட்பார்கள். அந்த டாக்டர் தான் பார்த்த நாளிலிருந்துதான் எழுதுவார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. படுத்த அன்றே போக வேண்டும். முதல் சான்றிதழ், இடைச் சான்றிதழ், கடைசியில் வேலைக்குத் தகுதி என்ற சான்றிதழ், இந்த மூன்றும் இடைவெளி இல்லாமல் கோர்த்திருக்க வேண்டும். அவசரத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால் அட்மிஷன் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். நாள் கடத்தினால் மறுப்பதற்கு நாமே காரணம் கொடுத்ததாகும்.

படுத்த முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது. ஆகவே என் கணக்கு இது: இரண்டு மூன்று நாள் காய்ச்சல் என்றால் கைவசமிருக்கும் லீவைப் போடு. நீளும் என்று டாக்டர் சொன்னால் லீவைத் தொடாமல் இ.எஸ்.ஐ.க்குப் போ. நான் வேலையிலிருந்த காலத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் நோய்க்கென்று தனி விடுப்பு கிடையாது. வருஷத்தில் 240 நாள் வேலை செய்தால் இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் ஈட்டிய விடுப்பு, அவ்வளவுதான். கடைக்கும் வணிக நிறுவனத்துக்கும் உரிய 1947-ன் தமிழ்நாட்டுச் சட்டத்தில் நோய்க்கென்று 12 நாள் தனியாக இருக்கிறது. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு இதைச் சொன்னால் நம்புவதே இல்லை.

*

மெஷின் ஷாப்பில் ஒருவர், நாற்பத்தொரு வயது, பிப்ரவரி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாகப் பைபாஸ் வரை போயிற்று. வீட்டுக்கு வந்தபின் அவர் மனைவி டைம் ஆபீசுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. அதில் மடித்து வைத்த ஒரு வெள்ளைத் தாள். "எழுதிக் குடுத்துட்டா பி.எஃப். பணம் முழுசா வந்துடும்னு சொல்றாங்க சார். கடன் இருக்குது."

தாளை வாங்கி என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். பிறகு பஞ்ச் கார்டைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். 91 நாள் 70 சதவீதம். அது தீர்ந்ததும், இதய நோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் வருவதால், 80 சதவீதம். அதற்கு இரண்டு வருஷம் வேலையில் இருந்திருக்க வேண்டும், நான்கு சந்தாக் காலத்தில் 156 நாள் கட்டியிருக்க வேண்டும். இவர் பதினோரு வருஷம் கட்டியவர். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், மனநோய் என்று அந்தப் பட்டியலில் 34 நோய்கள். தேவைப்பட்டால் இரண்டு வருஷம் வரை நீட்டிக்க இடம் உண்டு.

"உதவித்தொகை வாங்குற காலத்துல வேலையை விட்டு நிறுத்த முடியாதும்மா. சட்டம் தடுக்குது. ஆனா அவரே எழுதிக் குடுத்துட்டா சட்டம் என்ன பண்ணும்?" என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தக் காயிதத்தைக் குடுங்க சார், கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார்.

பி.எஃப். பணம் வேண்டுமென்றால் அதற்கும் வேலையை விட வேண்டியதில்லை. பெரிய அறுவைச் சிகிச்சைக்கும், ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கும், சில கொடிய நோய்களுக்கும் முன்பணம் எடுக்க விதி இருந்தது. இத்தனை வருஷ சர்வீஸ் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது தன் பங்கும் வட்டியும், இதில் எது குறைவோ அது. திருப்பிக் கட்ட வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் எடுத்தவர் இறந்துபோனால், வேலையிலிருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்குப் பி.எஃப். வழியே வரும் காப்பீட்டுத் தொகை கைநழுவிப் போகும். அது 2021 முதல் அதிகபட்சம் 7 லட்சம். பணிக்கொடைக்கு ஐந்து வருஷம் வேண்டும் என்பார்கள். நோயால் வேலை செய்ய இயலாமல் போனவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் அந்த ஐந்து வருஷக் கட்டு இல்லை. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

இன்னொருவர் இரவு ஷிப்டுக்குப் பைக்கில் வரும்போது பரனூர் சுங்கச்சாவடி தாண்டி லாரி உரசித் தொடை எலும்பு முறிந்தது. ரோட்டில் நடந்த விபத்துக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று மேற்பார்வையாளர் ஒதுங்கினார். 2010 திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், நேரமும் பாதையும் பொருந்தினால், அதுவும் வேலைக்கால விபத்துதான். அதற்கு 78 நாள் கணக்குத் தேவையில்லை. சேர்ந்த மறுநாளே அடிபட்டாலும் உண்டு. தொகை 90 சதவீதம். ஆனால் கம்பெனி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். நான் அன்று இரவே அனுப்பினேன். இன்று இப்படி அடிபடுபவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் அது தொடங்கிய இடம் எங்கள் மாவட்டத்து மேல்மருவத்தூர். அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் மாதங்களுக்குத்தான் இந்த 90 சதவீதம்.

*

2012-ல் தொழிற்சாலையை விட்டு மாமல்லபுரம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குக் கணக்காளனாகப் போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினம் பஸ். கடல் காற்று அடிக்கிற அலுவலகம். மஸ்டர் மட்டும் பழைய மஸ்டர்.

ஹவுஸ்கீப்பிங்கில் பாதிப்பேர் ஏஜென்சி வழியாக வந்தவர்கள். அதில் சதுரங்கப்பட்டினத்துப் பெண் ஒருவருக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டி வந்தது. 45 நாள் ஓய்வு. சம்பளம் 13,000. கணக்குப்படி 12,800 ரூபாய் வந்திருக்க வேண்டும். அவருடைய இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நான்கு மாதமாகச் சந்தா ஏறவே இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் மாதாமாதம் பிடித்தம் இருந்தது. ஏஜென்சிக்காரரைக் கேட்டால் ஏதேதோ சொன்னார். முதன்மை முதலாளி என்ற முறையில் கட்ட வேண்டியது ரிசார்ட்தான், கட்டிவிட்டு ஏஜென்சி பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தைக் காட்டிய பிறகு கட்டினோம். பணம் வந்தபோது அவர் வேலைக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் கம்மலும் மோதிரமும் அடகுக்கடைக்குப் போயிருந்தன. "வந்துச்சு சார், வட்டிக்கு ஆச்சு" என்றார். அன்றிலிருந்து புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் செல்போனில் உமங் செயலியைத் திறக்க வைத்து, தன் சந்தாவைத் தானே பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். சம்பளச் சீட்டை நம்பாதே, ஏறியதைப் பார்.

அதே ரிசார்ட்டில் ஒரு சமையற்காரருக்கு வேறு மாதிரிச் சிக்கல். சம்பள உயர்வில் 20,700 என்பது 21,200 ஆயிற்று. 2017-லிருந்து இ.எஸ்.ஐ.க்கு உச்சவரம்பு 21,000. நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் வளையத்துக்கு வெளியே போய்விட்டார். மறு வருஷம் மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்தார். குரூப் மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியது. வீட்டு அடுப்புக்கு ஒரு பைசா தரவில்லை. நோய் வந்தால் செலவு இரண்டு இடத்தில் என்பதை மக்கள் மறந்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வருஷத்துக்கு 5 லட்சம் வரை தந்தாலும் அது முதல் இடத்துக்குத்தான். இரண்டாவது இடத்துக்கு இ.எஸ்.ஐ.யை விட்டால் சேர்த்து வைத்த லீவு, பி.எஃப். முன்பணம், அப்புறம் நகை. இந்த வரிசையில் போங்கள் என்பேன். பெரும்பாலானோர் நகையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் பலவும் புதிய தொகுப்புகளுக்குள் போய்விட்டன, பி.எஃப். விதிகளும் மாறிவருகின்றன. நான் சொல்வது நான் மேஜையில் இருந்த காலத்துக் கணக்கு. போய் நிற்கும் அன்று எது நடப்பு என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தேதியும் தாளும் மட்டும் எந்தச் சட்டத்திலும் தேவைப்படும்.

*

ஓய்வுக்குப் பிறகும் மாதம் ஒருமுறை மாமல்லபுரம் போகிறேன். பழைய ஆட்கள் யாராவது காகிதத்தோடு காத்திருப்பார்கள். போன தை மாதம் அவர்களில் ஒருவர் என்னைத் தன் மாமாவின் சிற்பப் பட்டறைக்கு அழைத்துப் போனார். தென்னங்கீற்றுக் கொட்டகை. கிரைண்டர் கருங்கல்லில் பட்டதும் வெள்ளைப் புகைபோல் தூள் எழும்பிப் புருவத்தில் படிந்தது. மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். பட்டறையில் மொத்தம் நான்கு பேர். பத்துப் பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ. இல்லை.

1957-லேயே அரசு சிற்பக் கல்லூரி வந்த ஊர். 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. கல்லுக்குப் பேர் பதிவாகிவிட்டது. கல்தூளைச் சுவாசிப்பதால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய், இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவருக்குத் தொழில்நோய். வெளியே இருப்பவருக்கு வெறும் இருமல். ராஜஸ்தானில் 2019-ல் இதற்கென்றே ஒரு கொள்கை போட்டு, நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். இவரிடம் இருந்தவை காப்பீட்டு அட்டையும் நலவாரிய அட்டையும். நலவாரியத்தில் விபத்துக்கு உண்டு, இறப்புக்கு உண்டு, அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம் உண்டு. படுத்த நாளுக்குக் கூலி என்று ஒன்றை நான் பார்த்த வரையில் அங்கே பார்த்ததில்லை.

"எத்தனை நாள் வேலைக்குப் போகலை?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் சுவரைக் காட்டினார். கரியால் கோடுகள். வேலை செய்த நாளுக்கு ஒரு கோடு. சனிக்கிழமை கூலி வாங்கும்போது எண்ணிப் பார்க்க. படுத்திருந்த நாளுக்குக் கோடு இல்லை. வரவில்லை என்று எழுத அங்கே ஒரு ஆள் இல்லை, மஸ்டர் இல்லை, சிவப்பு மை இல்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தேன். இருமல் எப்போது தொடங்கியது, எந்தக் கல், எத்தனை மணி நேரம் கிரைண்டர், எந்த நாள் போக முடியவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். செங்கல்பட்டு மருத்துவமனையில் நெஞ்சக டாக்டரிடம் காட்டும்போது முதலில் இதைக் கொடுக்கச் சொன்னேன். கல்லில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், தூள் அடங்கும் என்றும் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்ததுதான். தண்ணீர் விட்டால் வேலை மெதுவாகும் என்பதும் தெரிந்ததுதான்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைக் கேட்டார். இதில் கையெழுத்து வேண்டாம், தேதி மட்டும் போதும் என்றேன்.